பால்மரம் பார்த்த கண்ணோடு காட்டுக்குள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மரம் என்றால் பால்மரம், அதாவது ரப்பர் மரம்தான். அம்மா உளியை வைத்தால் பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று அவர் கைக்கே தெரியும். மயிரிழை தப்பிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. பால்வெட்டுக்குப் போகாத எனக்கும் அந்தக் கண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டியோடு காட்டு நடைக்குப் போக ஆரம்பித்தபோது முதலில் கைகொடுத்தது அந்தக் கண்தான். முதலில் காலை வாரியதும் அதுதான். இப்போது புதிதாக வருகிறவர்களோடு நானும் உலு பெண்டுல் காட்டுப் பக்கம் போய்வருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். எல்லாமே நான் செய்தவை.

முதல் தவறு காட்டுக்குள் நுழையும் முன்பே நடந்துவிடுகிறது. நம்மைச் சுற்றி நிற்பதெல்லாம் இந்த மண்ணின் மரம் என்று நினைத்துக்கொள்கிறோம். பால்மரத்தின் ஊர் அமேசான் காடு. அதன் நாற்றுகள் சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தது 1877இல். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் போடப்பட்டது. அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! ஆப்பிரிக்கப் பனையை நட்ட இடத்துக்குத் தமிழில் தென்னையின் பெயர். மரங்களின் பெயர் விஷயத்தில் நாம் எவ்வளவு தாராளமானவர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆபீஸ் முன்னால் குடைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தது. சிவப்பாய்ப் பூத்துக்கொட்டும் மயில்கொன்றை மடகாஸ்கர்க்காரி. கோயில் வாசலில் நாகலிங்க மரம் நிற்பதால் அது நம்முடையது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

மறுபக்கமும் இருக்கிறது. பெயரைக் கேட்டு அந்நியம் என்று நாம் கடந்துபோகும் மலாய் மரங்கள் பல நமக்குச் சொந்தக்காரர்கள். பெனாகா லாவுட் வேறு ஒன்றுமில்லை, நெய்தல் நிலத்துப் புன்னை. சாலையோரத்து அங்சானா வேங்கை மரத்தின் பங்காளி. பூலாய், ஏழிலைப்பாலையின் இனம். கெலாட் எல்லாம் நாவல் வகை. மெராந்தியும் வடஇந்தியச் சால மரமும் ஷோரியா என்ற ஒரே பேரினமாகத்தான் வெகுகாலம் படிக்கப்பட்டு வந்தன. இந்த உறவுமுறை தெரிந்தால் பெயர்கள் மனத்தில் நிற்கும். வெறும் மலாய்ப் பெயரை மனப்பாடம் செய்தால் வேன் பகாவ் திரும்புவதற்குள் பாதி பறந்துவிடும்.

பால் வந்தால் பால்மரமா?

தோட்டத்துக்காரர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இது. மரத்தில் கீறல் பட்டு வெள்ளையாக வழிந்தால் போதும், ‘இது கித்தா (ரப்பர்) சாதிதான்’ என்று தீர்ப்பு வந்துவிடும். காட்டில் வெள்ளைப் பால் வடிக்கும் மரங்கள் பல குடும்பங்களில் இருக்கின்றன. ஜெலுத்தோங்கும் பூலாயும் அரளியின் குடும்பம். தெராப், பலாவின் குடும்பம். காட்டு அத்தி, ஆல வகைகளும் அதே பலாக் குடும்பத்தில்தான் வரும். பாலைப் பார்த்ததும் நின்றுவிடாமல் இலையைத் தேடுங்கள். பால்மரத்துக்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, அது நமக்குத் தூக்கத்திலும் தெரியும். ஜெலுத்தோங்கிலும் பூலாயிலும் தனித்தனி இலைகள் கிளையைச் சுற்றி வட்டமாக, சக்கரம் மாதிரி நிற்கும். தெராப் இலை பெரியது, தொட்டால் சொரசொரக்கும். அதிலும் ஒரு வம்பு: தெராப் கன்றின் இலை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், வளர்ந்த மரத்தின் இலையில் வெட்டே இருக்காது. கன்றையும் தாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு மரம் என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

வடிவதெல்லாம் பாலும் இல்லை. மெராந்தி வகையறாக்களில் வருவது பிசின். மலாயில் அதற்கு டாமார் என்று பெயர், நம் குங்கிலியத்தின் சாதி. பட்டையில் மஞ்சளாகவோ கண்ணாடிபோலவோ கட்டி கட்டியாக உறைந்து நிற்கும். கெருயிங் மரத்தில் வருவது எண்ணெய். அதை எடுக்கும் முறை நமக்குத் தலைகீழாகத் தோன்றும். பகாங்கில் தாசேக் பெரா ஏரிப் பக்கத்துச் செமலாய்ப் பழங்குடி மக்கள் அடிமரத்தில் ஆழமாகக் குழி வெட்டி, அதில் சற்று நேரம் தீ வைத்து அணைத்து, ஊறிவரும் எண்ணெயை எடுப்பார்கள். அதை முதலில் கேட்டபோது மரத்தைக் கொல்கிறார்களே என்று எனக்குப் பதறியது. பால்மரத்தில் பால் பட்டைக்குள் ஓடுகிறது, அதனால் கட்டையைத் தொடக் கூடாது. கெருயிங்கில் எண்ணெய் கட்டைக்குள்ளேயே இருக்கிறது. நம் வெட்டுச் சட்டத்தை எல்லா மரத்துக்கும் போட முடியாது.

இனி ரெங்காஸ். இந்த ஒரு மரத்தை மட்டும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்ப் பெரியவர்களுக்குச் சேங்கொட்டை என்றால் புரியும், அதே குணம்தான் இதற்கும். இதன் சாறு வரும்போது சாதாரணமாக இருக்கும், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். பட்டையில் தார் ஊற்றியது போலக் கறுப்பு வழிசல் தெரிந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். எனக்கு இது தெரியாது. பழக்கதோஷத்தில் ஒரு மரத்துக் காயத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, பிசுபிசுப்பு எப்படி என்று இரண்டு விரலால் தேய்த்தும் பார்த்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. அதற்கடுத்த நாள் கொப்புளம், தூக்கத்தில் தேய்த்த கண் இமையும் வீங்கிப்போனது. கூட வந்த வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் எதைத் தொடக் கூடாது என்று கிளம்பும்போது சொல்லவில்லை. இப்போது நான் கூட்டிப்போகும்போது அதைத்தான் முதலில் சொல்கிறேன். பட்டையைக் கீறுவது வேண்டவே வேண்டாம், கத்தியோ பாராங் என்ற வெட்டுக்கத்தியோ எடுத்துவரவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் காயத்தைக் கண்ணால் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

காலடியில் கிடக்கும் இலை

மரத்தடியில் கிடக்கும் இலையை எடுத்து, போன் செயலியில் படம் பிடித்து, வந்த பெயரை மரத்துக்கு ஒட்டிவிடுகிறோம். காட்டில் ஒரு மரத்தடியில் ஐந்தாறு மரங்களின் இலை கிடக்கும், மேலே ஏறிப் படர்ந்த கொடியின் இலையும் சேர்ந்து கிடக்கும். தோட்டத்தில் வரிசைக்கு வரிசை ஒரே மரம், எந்த இலையை எடுத்தாலும் அது அந்த மரத்து இலைதான். அந்த நம்பிக்கை நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஜெலுபு மாவட்டத்தில் சிம்பாங் பெர்தாங் பக்கம் பாசோ காடு இருக்கிறது, பகாவிலிருந்து தூரமில்லை. அங்கே 1980களில் 50 ஹெக்டேரை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு எண்ணினார்கள். கிடைத்தது 800க்கு மேற்பட்ட இனங்கள், மூன்று லட்சத்துக்கும் அதிகமான மரங்கள். 50 ஹெக்டேர் என்றால் ஒரு பெரிய தோட்டத்தில் ஒரு மூலைதான். காலடி இலை எந்த மரத்தினுடையது என்று அங்கே யார் சொல்வது?

அதனால் இலையை எடுத்தால் அதே மாதிரி இன்னும் பத்து கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு தொலைநோக்கியில் உச்சியைப் பார்த்து, அந்த வடிவம் மேலே தெரிகிறதா என்று ஒத்துப் பாருங்கள். கழுத்து வலிக்கத்தான் செய்யும். இலை தவிர மற்றதையும் பொறுக்குங்கள். கெருயிங் அடியில் சிவந்த தோல் மாதிரி நீளமாகச் சுருண்டு கிடக்கும். பூவிதழ் என்று நினைப்போம், அது மொட்டிலையை மூடியிருந்த உறை. அது கிடைத்தால் இலையைவிட நல்ல சாட்சி.

வேரை நம்பியும் ஏமாறுகிறோம். அடியில் பலகைபோல் விரியும் வேரைக் கண்டதும் மெராந்தி என்று சொல்லிவிடுவது வழக்கம். பலகை வேர் மெராந்திக்கும் உண்டு, கெம்பாசுக்கும் உண்டு, பூலாய்க்கும் உண்டு. மூன்றும் மூன்று குடும்பம். தேனடைகள் தொங்கும் ராட்சத துவாலாங் மரமும் புளி, கொன்றையின் குடும்பம்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வேர் சாட்சிக் கூண்டில் நிற்கலாம், தீர்ப்பை அது சொல்லக் கூடாது.

மூக்கைச் சும்மா வைத்திருப்பதும் தவறுதான். கோலாலம்பூர் அருகே கெப்போங்கில் வன ஆய்வுக் கழகத்தில் காப்பூர் மரங்கள் நிற்கும் இடத்துக்குப் பலரும் போயிருப்பீர்கள். உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் வானத்தைக் கோடு கோடாக விட்டு நிற்கும். எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை கீழே புதிதாக விழுந்த பச்சை இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். காப்பூர் என்றால் கற்பூரமேதான். சூடம் ஆலையில் தயாராகும் காலத்துக்கு முன்பு, இந்த மரத்தின் உள்ளே படிந்த கற்பூரம்தான் விலை உயர்ந்தது. அதைத் தேடித் தமிழ் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் துறைக்குப் போனார்கள். 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. இவ்வளவு பழைய உறவை முகர்ந்துகூடப் பார்க்காமல் வருவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கெப்போங்கைப் பற்றி இன்னொன்று. அங்கே மரங்களில் பெயர்ப்பலகை உண்டு. படிக்கச் சுகம், பழகப் பாழ். பலகையை முதலில் பார்த்துவிட்டால் கண் மரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும். கையால் மறைத்துக்கொண்டு முதலில் மரத்தைச் சொல்லிப் பாருங்கள். தவிர அது பழைய ஈய லம்பம் (சுரங்கம்) இருந்த பூமியில் 1920களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்த காடு. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்ததும் அதனால்தான். அங்கே கற்றதை அப்படியே உலு பெண்டுலுக்குக் கொண்டுவந்தால் கால் தடுமாறும்.

பூவுக்குக் காத்திருக்க வேண்டாம்

ஊர்ப்பக்கம் மரத்தைப் பூவை வைத்துச் சொல்வார்கள். இங்கே மெராந்திக் குடும்பம் அப்படி ஒத்துழைக்காது. பல வருடம் பூக்காமல் இருந்துவிட்டு, ஏதோ ஒரு வருடம் காட்டில் பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து பூக்கும். அடுத்தது இரண்டு வருடத்திலும் வரலாம், பத்து வருடமும் ஆகலாம். அந்த வருடம் அமைந்துவிட்டால் வாராவாரம் போங்கள், இறகு வைத்த காய்கள் சுழன்று சுழன்று விழும். கெருயிங்குக்கு நீள இறகு இரண்டு, மெராந்திக்குப் பெரும்பாலும் மூன்று நீளம் இரண்டு குட்டை, காப்பூருக்கு ஐந்து. மற்ற வருடங்களில் பட்டையும் பிசினும் இலை நரம்பும்தான் கதி.

செந்தளிரைப் பார்த்து இலையுதிர் காலம் என்று சொல்வதும் உண்டு. பால்மரம் வருடத் தொடக்கத்தில் இலை உதிர்த்துப் பழக்கிவிட்டதால் வரும் மயக்கம் அது. கெலாட்டின் உச்சியில் தெரியும் சிவப்பு பிறந்த குழந்தையின் சிவப்பு, உதிரப்போகிற இலை இல்லை.

பெயர்க் குழப்பத்தை ஒரு உதாரணத்தோடு விட்டுவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் செராயா என்றால் மலைமுகட்டில் சாம்பல் பூத்தாற்போல் உச்சி தெரியும் ஒரு குறிப்பிட்ட மரம். போர்னியோவில் இருக்கும் சபா மாநிலத்தில் அதே சொல் இங்கே நாம் மெராந்தி என்று சொல்கிற பெரிய கூட்டத்துக்கே பெயர். வழிகாட்டி எந்த ஊர்க்காரர் என்று கேட்டுவிட்டு நோட்டில் எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் ராட்சத மரத்தைக் காட்டமாட்டேன். செம்பனைக் காடு முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் மகாங் நிற்கும். வெட்டவெளி கிடைத்தால் முதலில் முளைப்பது அதுதான். பல வகைகளில் இலைக்காம்பு விளிம்பில் சேராமல் குடைக்காம்பு மாதிரி நடுவில் வந்து சேரும். ஆமணக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் அப்படித்தான். ஆமணக்கு, மகாங், நம் பால்மரம் மூன்றும் ஒரே குடும்பம். சில மகாங்கின் தண்டு உள்ளே குழலாக இருக்கும், எறும்பு குடியிருக்கும். இலையைப் பறிக்கப் போனால் அவை வந்து விசாரிக்கும். ஒரு நாளைக்கு இந்த மாதிரி மூன்று மரம் போதும். முப்பது எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து கேட்கிறார்கள்.

போன வருடம் அம்மாவையும் ஒரு தடவை அழைத்துப்போனேன். முட்டி வலியோடு மெதுவாக வந்தவர் ஒரு ஜெலுத்தோங் முன்னால் நின்றுவிட்டார். நேராக, தூண் மாதிரி ஏறிப்போன மரம். அடியில் பழைய தழும்புகள், சாய்வாக, மேடும் பள்ளமுமாக. சூயிங்கம் செய்ய ஒரு காலத்தில் இந்த மரத்திலும் பால் எடுத்தார்கள் என்று வழிகாட்டி விளக்க ஆரம்பித்தார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. தழும்பின் ஓரத்தை விரலால் தொடாமல் காற்றிலேயே தடவிக்கொண்டு, “யாரோ பழகாதவன் வெட்டியிருக்கான். கட்டையத் தொட்டுட்டான் பாரு” என்றார்.