'கிரேவி' என்ற ஒற்றைச் சொல்: ஆங்கில உச்சரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஒரு விமான நிலைய உணவகம். இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த பெண்கள் பரிமாறும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். இவர்கள் சிடுசிடுக்கிறார்கள் என்று குறை வந்தது. அவர்கள் பேசியதே கொஞ்சம்தான். இறைச்சி வாங்குபவரிடம் குழம்பு வேண்டுமா என்று கேட்க, 'கிரேவி' என்பார்கள். ஆங்கிலேயப் பணியாளரும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் குரலை ஏற்றி முடித்திருப்பார். இவர்கள் இறக்கி முடித்தார்கள். கேட்டவர் காதில் அது உபசாரமாக விழவில்லை. 'இது குழம்பு, எடுத்தால் எடு' என்று விழுந்தது. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் 1982-இல் பதிவு செய்த நிகழ்வு இது.

ஓர் ஒலி பிசகினால் 'வெளியூர்க்காரர்' என்று நினைத்துக்கொள்வார்கள். ராகம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், பிசகினால் நம் குணத்தையே தப்பாக எடைபோடுவார்கள். அதனால்தான் ராகத்தை முதலில் சொல்கிறேன்.

தமிழில் 'சாப்பிட்டாயா' என்றால், குரல் எப்படிப் போனாலும் கேள்விதான். அந்த 'ஆ' பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையில் குரலுக்கும் பங்குண்டு. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் பொதுவாக ஏறி முடியும்: 'ஆர் யூ ரெடி?' வாட், வேர், ஒய் என்று தொடங்குபவை பொதுவாக இறங்கி முடியும்: 'வேர் டு யூ லிவ்?' கேள்வி என்றாலே ஏற்ற வேண்டும் என்று எண்ணி இதையும் ஏற்றுவது பலர் செய்யும் தவறு. 'டீ ஆர் காபி?' இன்னும் நுட்பமானது. டீயில் ஏற்றி, காபியில் இறக்கினால் இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று பொருள். இரண்டிலும் ஏற்றினால், குடிக்க ஏதாவது வேண்டுமா என்று பொருள். 'வேண்டாம்' என்றும் பதில் வரலாம்.

இனி மெய்யொலிகள். குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்' என்றுதான் நம் எழுத்தில் வரும். வாய்முன் ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள். குண்டூசிக்கு மூச்சு வெடித்துத் தாள் அசைய வேண்டும். அசையாவிட்டால் ஆங்கிலேயர் காதில் அது குப்பைத்தொட்டியாக விழக்கூடும். 'ஸ்பின்' என்னும்போது மட்டும் அந்தக் காற்று வராது.

மேற்கும் உள்பனியனும் நமக்கு 'வெஸ்ட்'. மேற்குக்கு உதடு குவிய வேண்டும், பல் எங்கும் படக்கூடாது. பனியனுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம் 'வ' இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் குழப்பம்.

'டீ' சொல்ல நாம் நாக்கை மேலே மடிக்கிறோம். ஆங்கிலத்தில் நாக்கு மடியாது. நுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறு மேட்டில் படும். யாழ்ப்பாணத் தமிழருக்கு இந்த இடம் பழக்கமானது. 'வெற்றி', 'காற்று' என்பவற்றின் றகரத்தை அவர்கள் அங்கேதான் ஒலிக்கிறார்கள். டொராண்டோவை அவர்கள் டகரம் போடாமல் 'ரொறன்ரோ' என்று எழுதுவதும் அந்தக் காதால்தான்.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஓர் உகரம் துணைக்கு வரும். அந்தப் பழக்கம்தான் பஸ், கேட் என்ற சொற்களிலும் 'பஸ்ஸு', 'கேட்டு' என்று ஒட்டிக்கொள்கிறது. மெய்யோடு நிறுத்துங்கள். முதுகும் பையும் 'பேக்' என்றே எழுதப்படுகின்றன அல்லவா? கடைசி எழுத்தோடு போராடுவதைவிட, முதுகின் உயிரைச் சட்டென்று வெட்டி, பையின் உயிரைச் சற்று நீட்டிப் பாருங்கள். பாதிச் சிக்கல் தீரும். 'யெம்.எல்.ஏ', 'வொன்லி' என்று முன்னால் நுழையும் யகர வகரங்களையும் விட்டுவிடலாம்.

பயிற்சிக்குச் செல்போன் போதும். 'காபி' என்று மட்டும் இருமுறை பதியுங்கள்: வேண்டுமா என்று விருந்தாளியைக் கேட்பதாக ஒன்று, கோப்பையில் என்ன என்றவருக்குப் பதிலாக ஒன்று. வீட்டில் யாரிடமாவது போட்டுக்காட்டி, எது கேள்வி என்று கேளுங்கள். அவர் தயங்கினால் இன்னும் ஏற்றிச் சொல்லி மறுபடி பதியுங்கள்.