அறுத்த தமனியை இணைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்கு ஆய்வில் அறுத்த தமனியைத் தைத்து முடித்த சில நிமிடங்களிலேயே அது அடைத்துக்கொண்டால், பயிற்சி மாணவர்கள் நூலையும் ஊசியையும் நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் பழுது அதற்கு முன்பே, இடுக்கியைப் பிடித்த விதத்திலேயே தொடங்கிவிடுகிறது. குழாயின் உட்படலம் சிதையாதவரைதான் இரத்தம் உறையாமல் ஓடும் என்பதால், முழுச் சுவரையும் கவ்வாமல் வெளித்திசுவை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். அதே வெளித்திசு வெட்டுமுனையில் தொங்கினால் ஊசியோடு உள்ளே இழுபட்டு உறைகட்டிக்கு வித்தாகும். முனையருகே மட்டும் அதைக் கத்தரித்துவிடுவது நல்லது.

எலியின் தொடைத் தமனி சுமார் 1 மி.மீ. விட்டமே உடையது. 10-0 எனப்படும் மிக மெல்லிய நைலான் நூலால் முன்சுவரைத் தைக்கும்போது ஊசி பின்சுவரையும் சேர்த்துக் குத்திவிடுவதே இதில் மிகக் கொடிய தவறு, ஏனெனில் வெளியிலிருந்து பார்க்கையில் தையல் அழகாகவே தெரியும். 1902-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கேரல் வெளியிட்ட முறையில், மூன்று தாங்கு தையல்கள் வட்டத்தை முக்கோணமாக இழுத்துச் சுவர்களை விலக்கி வைத்தன. இரத்தக் குழாய்த் தையல், உறுப்பு மாற்று ஆகியவை சார்ந்த பணிக்காக 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் கடைசி இரண்டு மூன்று தையல்களை முடிச்சிடாமல் தளர்வாக விட்டு, ஹெபாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து கலந்த சலைனை (உப்புநீரை)ப் பீய்ச்சி உள்ளே பார்த்த பிறகே இறுக்க வேண்டும்.

சித்திரை வெயிலுக்குப் பயந்து மதுரை ஆய்வகங்களில் ஏசியை முழுக் குளிரில் வைப்பதுண்டு. மயக்கத்திலுள்ள எலியின் உடல் விரைவில் குளிர்ந்து தமனி சுருங்கிவிடும். விலங்கைக் கதகதப்பாக வைப்பதும் சலைனை வெதுவெதுப்பாக்குவதும் இதைத் தடுக்கும்.

இரத்த ஓட்டத்தை நிறுத்த இணைப்பின் இருபுறமும் போட்ட கிளாம்புகளை எடுக்கையில், கீழ்ப்பக்கத்தை (இரத்தம் ஓடிச் செல்லும் பக்கத்தை) முதலில் விடுவிக்க வேண்டும். பின்னோட்டத்தின் குறைந்த அழுத்தத்திலேயே பெரிய கசிவு தெரிந்துவிடும். சிறு கசிவைக் கண்டு பதறிக் கூடுதல் தையல் போடாமல், ஈரப் பஞ்சால் சில நிமிடங்கள் மெல்ல அழுத்தினால் பெரும்பாலும் அது நின்றுவிடும்.

துடிப்பைக் கண்டு மகிழ்வது மற்றொரு தவறு, அடைபட்ட குழாயும் துடிக்கும். இணைப்புக்குக் கீழே இரு இடுக்கிகளால் பிடித்து, இடைப்பகுதியை வழித்துக் காலியாக்கி, இணைப்பை ஒட்டிய இடுக்கியைத் தளர்த்தினால் இரத்தம் சட்டென நிரம்ப வேண்டும். இச்சோதனையையும் அடிக்கடி செய்தால் உட்படலம் கெடும். சுமார் 20 நிமிடங்கள் கழித்து இன்னொரு முறை பார்த்தால் போதும்.

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பதற்காக நேராக எலியில் கைவைப்பதும் சரியன்று. தெருமுனைக் கறிக்கடையில் வாங்கும் கோழித் தொடையில் எலும்பை ஒட்டி ஓடும் தமனியே முதல் பயிற்சிக்குப் போதுமானது.