சுடுமண் பாவையைப் படியெடுத்தல்: கேமராவிலிருந்து சூளை வரை

செக் நாட்டில் 1925-இல் கிடைத்த தோல்னி வெஸ்தொனீட்சே என்ற பனியுகச் சுடுமண் பெண் பாவையின் உயரம் 11.1 சென்டிமீட்டர்தான், ஆயினும், சுடுவதற்கு முன் ஒரு சிறுவரோ சிறுமியோ அதைத் தொட்ட விரல்ரேகை இன்றும் அதன் முதுகுப்புறத்தில் பதிந்திருக்கிறது. இத்தகைய தடயமும் சேர்ந்து வந்தால்தான் படி ஆய்வுக்கு உதவும். உருவம் மட்டும் ஒத்திருந்தால் அது வெறும் பொம்மையே.

வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் படமெடுக்க விரும்புவோர் முதலில் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். அதற்கு முன், வேலூரை அடுத்த மண்பாண்ட ஊரான கரிகிரியில் வாங்கிய மெருகிடாத மண் பொம்மை ஒன்றில் கைபழகிக்கொள்வது நல்லது. மூலப் பாவையின்மீது சிலிக்கோனோ பிளாஸ்டரோ படவே கூடாது; சுடுமண்ணின் நுண்துளைகளில் ஊறிய சிலிக்கோன் எண்ணெயைப் பிறகு வெளியேற்ற இயலாது.

சுழல்மேசையில் கறுப்புத் துணியை விரித்து, பாவையையும் மில்லிமீட்டர் அளவுகோலையும் வைத்து, 10 பாகைக்கு ஒரு படமாக மூன்று உயரங்களிலிருந்து 108 படங்கள் எடுக்க வேண்டும். பிறகு பாவையைக் கவிழ்த்து அடிப்புறத்தையும் எடுக்க வேண்டும். நம் ஊர் வெயில் நிழல்களைக் கருக்கிவிடுமாதலால், வடக்கு பார்த்த தாழ்வாரமே ஏற்ற இடம். படங்களை இலவச மென்பொருளான மெஷ்ரூமில் இணைத்து முப்பரிமாண மாதிரியாக்கி, காலிப்பரால் அளந்த உயரத்தைக் கொண்டு அளவைச் சரிசெய்யலாம். விரல்பதிவுகளைக் காண, பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கை வைத்துத் தனிப்படங்கள் எடுப்பது அவசியம்.

உட்புறத்தை அறிய சி.டி. ஸ்கேன்தான் வழி. ஆஸ்திரியாவில் கிடைத்த பனியுகக் கற்சிலையான வில்லன்டார்ஃப் பாவையை நுண் சி.டி. முறையில் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவு, அதன் சுண்ணாம்புக்கல் வட இத்தாலியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்கிறது.

கணினி மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்து, அதன்மீது பிளாஸ்டர் வார்த்து அச்சாக்கி, அதில் களிமண்ணை அழுத்தியே படி எடுக்கிறோம். முப்பரிமாண அச்சில் அடுக்குக் கோடுகள் விழும். என் முதல் படியில் அவை பிளாஸ்டர் அச்சுக்கும், அதிலிருந்து களிமண்ணுக்கும் ஏறிவிட, பார்க்க வந்த நண்பர் அவற்றைச் சீப்பால் கீறிய அலங்காரம் என்றே நம்பினார். உப்புத்தாளால் தேய்த்தால் கோடுகளோடு விரல்பதிவும் போய்விடும், எனவே 0.05 மில்லிமீட்டர் அடுக்கில் ரெசின் (திரவப் பிசினை ஒளியால் இறுக்கும்) அச்சே என் தேர்வு.

களிமண் சுருங்கும் என்பதை மறந்தால் அனைத்தும் வீண். ஏரி வண்டலில் சலித்த மணல் கலந்து, பட்டையாகத் தட்டி, 100 மில்லிமீட்டர் கோடு கீறிச் சுட்டுப் பார்க்க வேண்டும். கோடு 90 ஆகக் குறைந்தால், மாதிரியை 111 விழுக்காட்டிற்குப் பெரிதாக்கி அச்சிட வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் நான் வெளியே காயவைத்த பாவைக்கு மறுநாளே கழுத்தில் மயிரிழை வெடிப்பு கண்டது. ஈரத்துணி போர்த்தி, நிழலில் ஒரு வாரமாவது உலர்த்த வேண்டும். சூளையிலும் தொடக்கச் சூடு மெதுவாகவே ஏற வேண்டும். உள்ளீரம் சட்டென ஆவியானால் பாவை சிதறும்.

அச்சில் எடுத்த படியோடு நில்லாமல், தலை, உடல், கால் என உருண்டைகளை ஒட்டி, கையாலேயே இன்னொன்றைச் செய்து சுட்டுப் பாருங்கள். அது எங்கே பிளக்கிறது என்பதை மூலத்தின் உடைவோடு ஒப்பிட்டால், பழைய கை எந்த இடத்தில் ஒட்டுப்போட்டது என்று ஊகிக்க இடம் கிடைக்கும். இரண்டின் அடியிலும், ஈரம் இருக்கும்போதே, ‘படி’ என்ற சொல்லையும் ஆண்டையும் கீறிவிடுங்கள். பின்னாளில் எவரும் அதைத் தொல்பொருள் என்று விற்க முடியாது.