பேஸ்போலில ஸ்ராட்டர் கடைசிவரைக்கும் நிப்பாரோ? கொப்பியில கணக்குப் பார்க்கிற விதம்

ஸ்காபரோவில சொந்தக்காரர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில குறைவு, அதால ரொறன்ரோ பேஸ்போல் டீம் புளூ ஜேய்ஸின்ர பைத்தியம் போன் வழியா இங்கயும் வந்திட்டுது. கோடையில அங்க பின்னேரம் 7 மணிக்குத் தொடங்குற மட்ச் இங்க விடிய 4.30. மட்சைத் தொடங்குற பிச்சர், அதாவது பந்து போடுறவர், அவர்தான் ஸ்ராட்டர், கடைசிவரைக்கும் நிப்பாரோ எண்டு கணக்குப் பார்க்க ஒரு கொப்பி, பேனை, பிளேன் ரீ இருந்தாக் காணும்.

முதல்ல ஸ்கோரை வாசிக்கப் பழகுங்கோ. பிச்சரின்ர பேருக்குப் பக்கத்தில 6.2 எண்டு கிடந்தா பயப்பிடாதேங்கோ, கிரிக்கெட்டில 6.2 ஓவர் எண்டா 6 ஓவரும் 2 பந்தும் தானே, இது 6 இன்னிங்ஸும் 2 அவுட்டும், ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட் எண்டபடியா அதுக்கடுத்தது 7. முழு மட்சையும் ஒராளே போட்டு முடிச்சா கொம்ப்ளீட் கேம். வழமையா 9 இன்னிங்ஸ், ஆனா வெளியில போய் விளையாடுற டீம் பின்னுக்கு நிண்டா மற்ற டீம் 9ஆவது தரம் அடிக்கத் தேவையில்லை, அவையின்ர பிச்சருக்கு 8ஓட முடிஞ்சிடும், அதுவும் கணக்குத்தான். இது தெரியாம நான் மச்சானோட அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சனான்.

இப்ப கொப்பியில 9 கட்டம் கீறுங்கோ, அப்பிடி 3 வரிசை. ஒரு டீமில 9 பேர் வரிசையா அடிப்பினம், ஒன்பதாமாள் முடியத் திரும்பவும் முதலாள். ஒவ்வொரு பற்ஸ்மனும் வர ஒரு கட்டத்தை நிரப்புங்கோ. எல்லாரும் ஸ்பீடைத்தான் பார்ப்பினம், நீங்க 19ஆவது ஆளைப் பாருங்கோ. அவர் முதல் ஆள், மூண்டாம் தரம் வாறார், பிச்சரின்ர கையில என்னென்ன பந்து இருக்கு, எது எப்பிடித் திரும்பும் எண்டு ரெண்டு தரம் பார்த்து வைச்சிருக்கிறார், அதால மூண்டாம் தரம் கூட அடி விழுறது நம்பர்களில தெரியுது, மனேஜர்மாருக்கும் அது தெரியும்.

2020 வேர்ல்ட் சீரிஸ், அதாவது அந்த வருசத்து இறுதித் தொடர், 6ஆவது மட்ச்: தம்பா பே டீமின்ர ஸ்ராட்டர் பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் போட்டவர், 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூண்டு ஸ்ட்ரைக்கில அவுட்), 2 ஹிட்தான் குடுத்தவர், அவற்ற டீம் 1-0 எண்டு முன்னுக்கு நிண்டது. 18 பேர் முடிஞ்சுது, 19ஆவது ஆள் எதிர் டீமின்ர முதல் ஆள் மூக்கி பெட்ஸ். மனேஜர் கெவின் காஷ் வந்து ஸ்னெல்லை எடுத்துப்போட்டார், புதுசா வந்தவருக்கு பெட்ஸ் டபிள் (ரெண்டாம் பேஸ் வரைக்கும் ஓடுற அடி) அடிச்சார், மட்சும் போச்சு சீரிஸும் போச்சு. காஷ் பார்த்த கணக்குப் பிழையில்லை எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன், மச்சான் ஒத்துக்கொள்ளமாட்டான்.

அடுத்தது பந்து எண்ணிக்கை. 100க்குக் கிட்டப் போனாலே பெரும்பாலும் மாத்துவினம், அப்ப 9 இன்னிங்ஸும் போடுறதெண்டா இன்னிங்ஸுக்கு 11 பந்துதான். 3 இன்னிங்ஸ் முடியேக்க 50 தாண்டினா ஆசையை விடுங்கோ. வோக் (4 பிழையான பந்து போட்டு ஆளைச் சும்மா முதல் பேஸுக்கு விடுறது) குடுக்கிற பிச்சரெண்டா முதல்லயே விடலாம்.

முந்தி இப்பிடியில்லை. 1904இல ஜாக் செஸ்ப்ரோ தனியாள் 48 கொம்ப்ளீட் கேம். 1986இல வலென்சுவேலா 20, பிறகு ஒருத்தரும் அந்த 20ஐத் தொடேல்லை. 2022இல சாண்டி அல்கந்தரா 6, அதுதான் அந்த வருசம் ஆகக்கூட, 30 டீமும் சேர்ந்தே 36. இப்பத்தைய பிச்சர்மார் சோம்பேறியள் எண்டு கதைக்கிறது சும்மா கதை. அந்தக்காலத்து ஆக்கள் வரிசையின்ர வாலுக்கு மெல்லமாப் போட்டு கையை மிச்சம் பிடிச்சவை, இப்ப ஒவ்வொரு பந்தும் முழுப்பலம், முழங்கை நார் அறுந்து ஒப்பரேசன் எண்டு போனா ஒரு வருசத்துக்கு மேல வீட்டில, வெளியால புல்பென்னில (மாத்துப் பிச்சர்மார் இருக்கிற இடம்) புதுக் கையோட ஏழெட்டுப் பேர் இருக்கேக்க ஏன் இவரைப் போட்டு முறிப்பான்?

கணக்குப் பொய்க்கும், அதையும் சொல்லவேணும். 2025 வேர்ல்ட் சீரிஸ் 2ஆவது மட்ச், எங்களுக்கு ஞாயிறு காலமை, எதிர் டீம் ஸ்ராட்டர் யமமோட்டோ 7ஓட இறங்குவார் எண்டு கொப்பியில எழுதி வட்டமும் போட்டன், மனுசன் 105 பந்தில 9உம் போட்டு கடைசி 20 பேரையும் வரிசையா அவுட்டாக்கி எங்கட ஜேய்ஸை 5-1 எண்டு மடக்கிப்போட்டார்.

மற்றது, இன்னிங்ஸ் முடிஞ்சு உள்ளுக்கு வந்த பிச்சருக்கு மனேஜர் கை குலுக்கினா கொப்பியை மூடலாம், அவர் திரும்பி வரமாட்டார்.