அயர்லாந்துச் சிப்பாயையும் அவர் மனைவியையும் பழைய பதிவேடுகளில் தேடுவது எப்படி?

அயர்லாந்தில் வம்சாவளி தேடுகிறவர்கள் எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் நாள் 1922 ஜூன் 30. டப்ளின் ஃபோர் கோர்ட்ஸில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் அன்று எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸ் ஏடுகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. ஆனால் நீங்கள் தேடுகிறவர் சிப்பாய் என்றால் வழி இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் காகிதங்கள் லண்டனில் இருந்ததால் தப்பின. 1830-இல் அந்த ராணுவத்தில் ஐந்தில் இருவர் அயர்லாந்துக்காரர்கள்.

முதல் படி: பணி விடுவிப்புப் பத்திரம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆஃபீஸ், அதாவது போர்த்துறை) 97 என்ற வரிசையில் தேடுங்கள். ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே கிடைக்கும். பிறந்த பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்), பக்கத்து ஊர், கவுண்டி (மாவட்டம்), பழைய தொழில் எல்லாம் அதில் உண்டு. உயரம், கண்ணின் நிறம், தலைமுடியின் நிறமும் எழுதியிருப்பார்கள். புகைப்படம் இல்லாத ஒரு மனிதரின் முகம் முதன்முதலாகத் தெரிவது இங்கேதான். எழுதத் தெரியாதவர் என்றால் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். பெயரின் முன்னால் வரும் ‘ஓ’, ‘மெக்’ விடுபட்டிருக்கலாம். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

1883-க்கு முன் இந்த வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பென்ஷன் வாங்கியவர்களே. பணியில் இறந்தவர், ஓடிப்போனவர் என்றால் நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாவது: ரெஜிமெண்டின் ஆஜர், சம்பளப் பட்டியல்கள் (டபிள்யூ.ஓ. 12). காலாண்டுக்குக் காலாண்டு அவர் எந்த ஊரில் இருந்தார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். மனைவியைக் கண்டுபிடிக்கப் போவது இந்தத் தாளை வைத்துத்தான்.

மூன்றாவது: மனைவி. அதிகாரியின் அனுமதியோடு மணந்த பெண்களுக்கு மட்டுமே படைமுகாமில் இடம். நூறு பேருக்கு ஆறு மனைவியர் என்ற அளவில்தான் அனுமதித்தார்கள். மற்றப் பெண்களை ராணுவம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதனால் அவளைத் தேடாதீர்கள், அவள் பிள்ளைகளைத் தேடுங்கள். ரெஜிமெண்ட் அந்த ஆண்டு அயர்லாந்தில் இருந்திருந்தால், அந்த ஊர்க் கத்தோலிக்கப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறங்கள். ஏறத்தாழ 1880 வரையிலான ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர்கள் பல இடங்களில் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் ‘யாக்கோபுஸ்’ ஆகியிருப்பார், பிரிட்ஜெட் ‘பிரிகிடா’ ஆகியிருப்பாள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கும். ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயரையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவள் அண்ணனோ தங்கையோ அங்கே நிற்கக்கூடும்.

அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் இருந்தவரா? அப்படியானால் மதராஸ் மாகாணத்துத் திருமண, ஞானஸ்நான, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. கம்பெனியின் பழைய மதராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட்தான் 1881-இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற அயர்லாந்து ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் ஆனது.

கடைசியாக, ஊர் திரும்பிய பிறகு. 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் குடித்தனக்காரர் பெயர் இருக்கும். 1864 முதல் எல்லா மதத்தவரின் பிறப்பு, திருமணம், இறப்பும் அரசுப் பதிவில் உண்டு. பிறகு 1901 சென்சஸ், அதுவும் இலவசம். மகன் வீட்டில் ஒரு வயதான விதவை இருக்கிறாளா என்று பாருங்கள். மகனின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் கவுண்டி பெயருக்குப் பதில் ‘இந்தியா’ என்று இருந்தால், இரண்டாவது படியில் எழுதிய தாளைத் திரும்ப எடுங்கள்.