பிள்ளைகளோடு முதல் ஊட்டிப் பயணம்: பட்டியலைக் குறைப்பது முதல் மலையிறங்குவது வரை

சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதன்முறையாக வெளியூர் கிளம்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஊட்டியை எடுத்துக்கொள்வோம்: சென்னையிலிருந்து இரவு ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், மேலே இரண்டு இரவுகள், பிறகு சாலை வழியாக இறக்கம். நான்கு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: பட்டியலை வெட்டுங்கள்

ஊட்டி என்றதும் தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா, தேயிலைத் தொழிற்சாலை, குன்னூரில் சிம்ஸ் பூங்கா என்று யாராவது ஒரு பட்டியலை நீட்டுவார்கள். அத்தனையையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லும் வேன்காரர்களும் உண்டு. பிள்ளையின் பக்கத்திலிருந்து அந்த நாளைப் பாருங்கள். வேனில் ஏறு, இறங்கு, வரிசையில் நில், போட்டோவுக்குச் சிரி, மறுபடியும் ஏறு. மாலையில் அது காரணமே இல்லாமல் அழுகிறது என்றால், காரணம் காலையிலேயே தொடங்கிவிட்டது.

நான் சொல்லும் கணக்கு இதுதான்: காலையில் ஓர் இடம், மாலையில் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு நடை, நடுவில் மதியம் முழுக்கக் காலி. மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். "அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமலா வந்தீர்கள்?" என்று கேட்க ஒரு பெரியப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். அவரைச் சமாளிப்பது, களைத்துப்போன ஐந்து வயதுப் பிள்ளையைச் சமாளிப்பதை விடச் சுலபம்.

எந்த இடம் என்பதைப் பிள்ளைகளிடமே விடலாம். ஆனால் இரண்டே இரண்டு படங்களைக் காட்டி, இதுவா அதுவா என்று கேளுங்கள். பத்து படம் காட்டினால் பத்தும் வேண்டும் என்பார்கள்.

படி 2: மலை ரயிலை முதலில் பிடியுங்கள்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. மலை ரயிலில் இருக்கைகள் குறைவு. மே மாதச் சீசனில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அதை முதலில் எடுத்துவிட்டு, இரவு ரயிலையும் அறையையும் அதற்கேற்பப் பொருத்துங்கள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் காலை 7.10 மணிக்குப் புறப்படுகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்கு முன்பே அங்கே சேர்ந்துவிடும்.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு இரவு ரயிலில் டிக்கெட் தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் என்றால், தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் படுத்தவர் மறுநாள் யாரோடும் நல்ல வார்த்தை பேச மாட்டார்.

மேலே போய்ச் சேர மலை ரயில் ஐந்து மணி நேரம் போல எடுக்கும். பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்று தோன்றினால், குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊட்டி வரை மட்டும் மலை ரயில் ஏறுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஒரு நாளில் பல முறை ஓடுகிறது. நீராவி என்ஜின் கிடையாது, டீசல்தான். ஆனாலும் மிகச் சின்னவர்களுக்கு இதுவே சரியான அளவு என்பது என் கட்சி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை மூடப்படுவது வழக்கம். அந்த மாதங்களில் ரயிலை நம்பிப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

சொந்தக் காரில் போவோர் கிளம்பும் முன்பே, நீலகிரிக்குள் வண்டி நுழைய இணையத்தில் பெறும் அனுமதியான இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

படி 3: பைகளும் வேலையும்

ஆளுக்கொரு பெரிய பை வேண்டாம். குடும்பத்துக்கு ஒன்று, கையில் ஒன்று. கைப்பையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செட் மாற்றுடை, ஈரத்துண்டு, குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், இரண்டு துணிப் பைகள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், சோதனைச் சாவடியில் பறிகொடுத்துவிட்டுத் தாகத்தோடு மலை ஏற வேண்டியிருக்கும்.

சாப்பாடு: மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முறுக்கு, வாழைப்பழம். புதிய ஊரில் முதல் வேளையாவது பிள்ளை பழகிய சாப்பாட்டைத் தின்னட்டும்.

எழுதாமல் விட்டால் நடக்கிற ஒன்று உண்டு: வீட்டில் செய்யும் அத்தனை வேலையும் ஊட்டியிலும் அம்மா தலையிலேயே விழும். கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். டிக்கெட், பைகள், பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவது அப்பாவுக்கு. தாத்தா பாட்டி உடன் வந்தால் கதை சொல்வது அவர்களுக்கு. தன் சின்னப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் ஆறு வயதுப் பிள்ளை தானே தூக்கும். அதற்கு அதில் பெருமையும் கூட.

படி 4: ஐந்து மணி நேரத்தை நிரப்புவது

இந்தப் பயணத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். பெரியவர்களுக்கு ஊட்டி ரயில் என்பது ஊட்டிக்குப் போகும் வழி. பிள்ளைகளுக்கு அதுதான் ஊட்டி.

ஏறும் முன் பிளாட்பாரத்தில் என்ஜினைக் காட்டுங்கள். அது வண்டியின் பின்னால் இருக்கிறது, முன்னால் அல்ல. மலை ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகும். ஏன் என்று பிள்ளையையே யோசிக்கச் சொல்லுங்கள். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பற்களோடு கூடிய இரும்புப் பட்டைகள் தொடங்கும். என்ஜினின் பல்சக்கரம் அந்தப் பற்களில் மாட்டிக்கொண்டு, வழுக்காமல் ஏறும். குன்னூர் வரை இப்படித்தான். சைக்கிள் செயினும் பல்சக்கரமும் போல என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். பெட்டியின் முன்புற மேடையில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பதையும் காட்டுங்கள். முதல் பெட்டியில் அவருக்கு முன்னால் வெறும் பாதைதான்.

பிறகு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து வேலை ஒப்படையுங்கள். மூத்தவருக்குச் சுரங்கப்பாதைகள்: மொத்தம் 16, ஆனால் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லாதீர்கள். இளையவருக்குக் குரங்குகள். எழுதத் தெரியாவிட்டால் ஒரு குரங்குக்கு ஒரு கோடு. பாலங்களை மட்டும் கொடுக்காதீர்கள், 250 இருக்கின்றன. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டி முழுவதும் 'ஊ' என்று கத்தும். உங்கள் பிள்ளையும் கத்தட்டும், நீங்களும் கத்துங்கள்.

பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், எல்லோரையும் ஒரு முறை அழைத்துப்போய் வந்துவிடுங்கள். அங்கே முறுக்குப் பையைத் திறந்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும். வண்டி நகர்ந்த பிறகு தின்னுங்கள்.

படி 5: மேலே

தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். புல்வெளியில் உருண்டு விளையாட ஒரு மணி நேரம் விடுங்கள். பெயர்ப்பலகைகளைப் படித்துக்காட்டி அந்த மணி நேரத்தைத் தின்ன வேண்டாம். அங்கே வைத்திருக்கும் கல்லாகிப்போன மரத்தை மட்டும் கட்டாயம் காட்டுங்கள். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானது என்கிறார்கள். மரம் எப்படிக் கல் ஆகும் என்ற கேள்வி அன்று இரவு வரை ஓடும்.

மதியம் அறைக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, படுத்துப் புரளட்டும்.

கடைத்தெருவுக்குப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரே அளவு பணம் கொடுத்து, இதற்குமேல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். சாக்லேட்டா, வர்க்கி என்ற ஊட்டி பிஸ்கட்டா, விசிலா என்று அவர்களே தீர்மானிக்கட்டும். என்ன வாங்கினாலும் வாயைத் திறக்காதீர்கள். இது கடினம்.

படி 6: இறக்கம்

கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றி வாந்தி வருவது சகஜம். உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது. போனையோ புத்தகத்தையோ பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. அந்தக் குழப்பம்தான் காரணம். ஆகவே மலையில் போன் கூடாது. பஸ்ஸில் முன்பக்க இருக்கை, சன்னல் திறந்திருக்கட்டும், பார்வை தூரத்துப் பாதையில். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்திவிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரிக் கிழங்கும் ஆகாது. காது அடைத்தால் சப்ப ஒரு மிட்டாய். மாத்திரை கொடுப்பதாக இருந்தால், வயதுக்கான அளவை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். கைப்பையில் அந்தத் துணிப் பைகளும் ஈரத்துண்டும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சீசன் நாட்களில் மலைப்பாதையை ஒருவழிப் பாதையாக மாற்றி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக அனுப்புவார்கள். திரும்பும் ரயில் இரவில் என்றால், ஊட்டியை மதியத்துக்குள் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை வீடு சேரும்படி டிக்கெட் எடுத்தால், துணி துவைக்கவும் பிள்ளைகள் பள்ளிக்குத் தயாராகவும் முழுதாக இரண்டு நாள் கிடைக்கும்.