இரண்டாவது மேசைப்பந்து மட்டை: முதலாவதுக்கு இரட்டையாக ஒன்றை உருவாக்குவது எப்படி?

போன வருடம் ஜூன் மாதம் பதுளையில் ஒரு போட்டி. ஹட்டனில் கோச்சி ஏறும்போது என் பையில் ஒரே ஒரு மட்டைதான். காலிறுதியில், வலையோரம் விழுந்த குட்டைப் பந்தை எடுக்கப் போய் மட்டை மேசை விளிம்பில் மோதியது. பிடிக்கு மேலே மரம் பிளந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவே மட்டையை மாற்ற விதியில் இடமில்லை. ஆடவே முடியாதபடி தற்செயலாக உடைந்தால் மட்டும் உடனே வேறொன்றை எடுக்கலாம். எனக்கு எடுக்க வேறொன்று இல்லை. நண்பன் தன் மட்டையைத் தந்தான். அதில் நான் போட்ட டொப்ஸ்பின் (பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு அடிக்கும் அடி) எல்லாமே மேசையைத் தாண்டிப் போனது.

அப்போது உலகின் முதல்நிலையில் இருந்த வீரருக்கே இது நடந்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் தங்கம் வென்ற கையோடு, வாங் சூச்சினின் மட்டை புகைப்படக்காரர்களின் காலடியில் உடைந்தது. மறுநாள் இரண்டாவது மட்டையோடு ஆடி, சுவீடனின் ட்ரூல்ஸ் மோரேகோர்த்திடம் 4-2 எனத் தோற்றார். தோல்விக்கு மட்டைதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மட்டத்திலும் இரண்டாவது மட்டை தேவைப்படும் நாள் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

கீழே பிளேட் என்பது பிடியோடு சேர்ந்த மரப்பகுதி, றப்பர் என்பது அதன் இரு பக்கமும் ஒட்டும் விரிப்பு, ஸ்பொஞ்ச் என்பது றப்பருக்கு அடியில் இருக்கும் மெத்தை போன்ற பகுதி.

1. வாங்கும் முன்

இப்போதைய மட்டையோடு ஆறு மாதமாவது ஆடியிருக்கிறீர்களா? இல்லையென்றால் பொறுங்கள். கடையில் ஒட்டியே விற்கிற மட்டையில் ஆடுபவர்கள் முதலில் நல்ல மட்டை ஒன்றுக்கு மாறட்டும். இரண்டாவது பிறகு.

பழைய மட்டையை அவசரத்துக்கு வைத்துக்கொள்வதுதான் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் அடி வளர்ந்ததால்தான் அதை விட்டு வந்தீர்கள். 9-9 என்று நிற்கும்போது கை புது மட்டையின் வேகத்துக்கே வீசும், பந்து வலையில் விழும்.

2. பிளேட்

அதே கம்பனி, அதே மொடல், அதே பிடி. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எடையைக் கேளுங்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே மொடல் பிளேட்டுகள்கூட மரத்தைப் பொறுத்து சில கிராம் கூடிக் குறையும். எனக்கு கொழும்பிலிருந்து வந்தது பழையதைவிட 7 கிராம் கூட. கையில் எடுத்தால் தெரியாது. ஆனால் அரை மணி நேரம் ஆடியதும் பேக்ஹேண்ட் ஒவ்வொன்றும் பிந்தியது.

உங்கள் மட்டையைப் பலசரக்குக் கடை எலக்ட்ரோனிக் தராசில் வைத்துப் பாருங்கள். றப்பரோடு பெரும்பாலும் 170 முதல் 190 கிராம் வரை இருக்கும். அடுத்த தடவை றப்பரை மாற்றக் கழற்றும்போது வெறும் பிளேட்டையும் நிறுத்துக் குறித்து வையுங்கள். கடைக்காரரிடம் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். சரியான எடை கிடைக்காவிட்டால் குறைந்ததையே வாங்குங்கள். விளிம்பு டேப் சுற்றி ஓரிரு கிராம் ஏற்றலாம், மரத்தைச் சுரண்டி இறக்குவது வேண்டாத வேலை.

வளர்ந்து வருகிற ஆட்டக்காரருக்கு ஐந்து அடுக்கு முழு மரமே போதும் என்பது என் கருத்து. காபன் பிளேட் (மர அடுக்குகளுக்கு இடையே காபன் நார் வைத்தது) இரண்டு வாங்கும் காசில் முழு மரம் இரண்டும் நல்ல றப்பரும் வாங்கலாம்.

3. றப்பர்

அதே பெயர், அதே ஸ்பொஞ்ச் தடிப்பு. நிறமும் மாறக்கூடாது. ஃபோர்ஹேண்ட் பக்கம் சிவப்பு என்றால் இரண்டிலும் சிவப்பு. 2021 ஒக்டோபரிலிருந்து கறுப்புக்கு மறுபக்கம் நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் போடலாம். அந்த ஆசையை ஒரு மட்டையில் மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டாம்.

நான் இரண்டிலும் ஒட்டியிருப்பது யசாக்கா மார்க் வி, 2.0 மி.மீ. 1969 முதல் விற்பனையில் இருக்கும் றப்பர். இதைவிட வேகமானவை நிறைய உண்டு, ஆனால் இதன் குணம் எனக்குக் கைவந்துவிட்டது.

4. ஒட்டுவது

மலைநாட்டில் இருப்பவர்கள் இதை நிதானமாக வாசியுங்கள். நான் இரண்டாவது தடவை பிழைவிட்டது இங்கேதான்.

நீரில் கரையும் பசை பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். கொழும்பு நண்பர்கள் இருபது நிமிடம் போதும் என்றார்கள். ஹட்டனில் ஜூலை மாதம், துவைத்த சட்டை மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஈரமாக இருக்கிற காலம். இருபது நிமிடத்தில் ஒட்டினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. மட்டையை உறையில் போட்டு வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து எடுத்தால் நடுவில் பத்து ரூபா குற்றி அளவில் குமிழி. அங்கே பட்ட பந்து செத்து விழுந்தது. அன்றாடம் ஆடுகிற மட்டையாக இருந்தால் மறுநாளே கண்டிருப்பேன்.

அதனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பசையைப் பாருங்கள். ஸ்பொஞ்சிலும் மரத்திலும் வெள்ளை முழுதாக மறைய வேண்டும். ஓரங்கள் முதலில் தெளியும், நடுப்பகுதி ஏமாற்றும். சன்னலைச் சாத்தி, மின்விசிறியைத் தூரத்தில் வைத்து ஓடவிடுங்கள். எனக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. அடுப்படியில் காயவைக்க வேண்டாம், சூட்டில் ஸ்பொஞ்ச் சுருங்கும். பிடிப்பக்கத்திலிருந்து தொடங்கி, காற்று சிக்காமல் ஒரு போத்தலை உருட்டி ஒட்டுங்கள். றப்பரில் இருக்கும் ஐ.டி.டி.எஃப் (சர்வதேச மேசைப்பந்து சம்மேளனம்) முத்திரை பிடியோரம் தெரிய வேண்டும், நடுவர் பார்ப்பார்.

5. ஆடுவது

கிழமைக்கு ஒரு பயிற்சி நாள் இரண்டாவது மட்டையோடு மட்டும். எனக்கு வியாழக்கிழமை. போட்டிக்குப் போகும்போது அது ஆடுகளத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், அறையில் பூட்டிய பையில் அல்ல.

பிறகு சேர்த்தது: பண்டாரவளைத் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, ரெண்டு சோடி றப்பர் வாங்கக் காசில்லை, என்ன செய்ய?” ஒரு சோடி வாங்குங்கள் தங்கச்சி. புதியதைப் பிரதான மட்டையில் ஒட்டி, அதிலிருந்து கழற்றியதை இரண்டாவதில் ஒட்டுங்கள். வழுக்கத் தொடங்கும் முன்பே கழற்ற வேண்டும், அவ்வளவுதான். பிளேட் மட்டும் எடை பொருந்தியதாக இருக்கட்டும்.

இன்னொன்று: நுவரெலியாவில் ஆடும் ஒருவர், இரண்டாவது மட்டை எப்போதும் கல் மாதிரி இருப்பதாக எழுதியிருந்தார். குளிரில் ஸ்பொஞ்ச் இறுகும். பையில் விறைத்துக் கிடந்ததை அப்படியே எடுத்து ஆடினால் அப்படித்தான் இருக்கும். ஆட்டத்துக்கு முன் இரண்டு மட்டைகளையும் ஜேர்சிக்குள் வைத்துக்கொண்டு இருங்கள், இரண்டாலும் ஐந்து நிமிடமாவது பந்தைத் தட்டுங்கள். பனி இறங்கும் நாளில் றப்பர் முகத்தில் ஈரம் படியும், உலர்ந்த துணி ஒன்றும் பையில் இருக்கட்டும்.